பெருந்தொற்று மறுபடி வந்தால் என் பிள்ளையோடு என்னை இருக்க விடுவார்களா?

மலேசியாவில், பினாங்கின் பிறை என்னும் ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இப்போது ஒன்பது வயது. செரிப்ரல் பால்சி என்னும் மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. பேச்சு இல்லை, கண்ணாலும் சத்தத்தாலும்தான் எதையும் சொல்வான். கோவிட் காலத்தில் நிமோனியா கண்டு அவனை வார்டில் சேர்த்தபோது, தாயை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்களாம். அவர் கேட்பது இது: "இன்னொரு கிருமி வந்தால் என்ன ஆகும்? வெண்டிலேட்டர் பற்றாமல் போனால், 'இந்தப் பிள்ளைக்கு எதற்கு' என்று ஒதுக்கிவிடுவார்களா? என்னைப் பக்கத்தில் இருக்க விடுவார்களா? சட்டம் ஏதாவது துணைக்கு இருக்கிறதா? இப்போதே நான் என்ன செய்து வைக்கலாம்?"

நான் பினாங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி பார்ப்பவள். மருத்துவ நெறிமுறை தனியாகப் படித்திருக்கிறேன். பெருந்தொற்று நேரத்தில் இந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று டாக்டர்கள், மிஸ்ஸிகள் என்னும் தாதியர், பெற்றோர் எல்லோரோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் முதலில் வருவது வெண்டிலேட்டர். பயம் அங்கேதான் போகும், புரிகிறது. ஆனால் நான் பார்த்த வரையில் இந்தப் பிள்ளைகள் அதிகம் அடிபட்டது வெண்டிலேட்டர் வரிசையில் அல்ல. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளைப் பிரித்ததில்தான். அதனால் 'யார் கூட இருப்பது' என்பதை முதலில் எடுக்கிறேன்.

உங்கள் மகனைப் போன்ற ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இடுப்பை நாற்காலியின் பின்பக்கம் ஒட்ட உட்கார வைக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்து, தாடையைச் சற்றே கீழே இறக்க வேண்டும். கஞ்சி தண்ணீர் மாதிரியும் இருக்கக் கூடாது, கட்டியாகவும் இருக்கக் கூடாது. அரைக் கரண்டி. வாய் மூடுகிறதா, தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. சிலருக்கு ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டியிருக்கும். இருமினால் நிறுத்திவிட வேண்டும். குரல் ஈரமாகக் கேட்டாலும் நிறுத்த வேண்டும். இப்படி ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். இதை அவசரப்படுத்தினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகும், அதிலிருந்து நிமோனியா வரும். பிபிஇ என்னும் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நோயாளிகளை ஒரே ஆளாய்ப் பார்க்கும் ஒரு மிஸ்ஸியால் அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுக்க முடியாது. அவர் மனம் கெட்டவர் என்பதால் அல்ல, நேரம் இல்லை. மூக்கு வழியே குழாய் போட்டுவிடுவார்கள். வாயால் சாப்பிடப் பல மாதம் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை இரண்டு வாரத்தில் இழந்துவிடும்.

இதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளையின் தாயையோ, தகப்பனையோ, பாட்டியையோ பார்வையாளர் கணக்கில் சேர்ப்பது தவறு என்கிறேன். பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டு, நோய் பரவும் காலத்தில் அதை நிறுத்துவது நியாயம். ஆனால் ஊட்டுகிறவர், புரட்டிப் படுக்க வைக்கிறவர், சளி உறிஞ்சுகிறவர், 'இது வலியில் அழுகிற சத்தம், இது பசிக்கு அழுகிற சத்தம்' என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் சிகிச்சையில் ஒரு பங்கு. அவரை வெளியே நிறுத்தினால் மருந்தில் பாதியை வெளியே நிறுத்தியது போலத்தான்.

மருத்துவமனைப் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி பிகேபி என்னும் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய அந்த முதல் வாரங்களில் பிபிஇ உடைக்கே தட்டுப்பாடு. தையல் தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்த காலம் அது. உள்ளே விடும் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் உடை, ஒரு முகக்கவசம் போகும். அவரே கிருமியை வார்டுக்குள் கொண்டுவரலாம், இல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்தப் பயம் உண்மையான பயம். ஆனால் அதற்கு வழி உண்டு: ஒரே ஓர் ஆளைப் பெயர் குறித்து அனுமதிப்பது, அவருக்குப் பரிசோதனை செய்வது, உடை போடவும் கழற்றவும் கற்றுக்கொடுப்பது, பிள்ளை வெளியேறும் வரை அவரும் உள்ளேயே தங்குவது, அவருக்கும் சாப்பாடு கொடுப்பது. இதை ஒத்துக்கொண்டு உள்ளே போகிற தாய்க்கும் ஒரு கடமை வருகிறது. நடுவில் வெளியே போய் வரக் கூடாது. 'கொஞ்ச நேரம் அத்தை வந்து மாற்றட்டும்' என்று கேட்கக் கூடாது. பல குடும்பங்கள் இதை ஒழுங்காகச் செய்தார்கள். செய்ய முடியாது என்ற முடிவை, ஒரு முறைகூட முயன்று பார்க்காமலேயே எடுத்த வார்டுகளும் இருந்தன.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு நிகழ்வு இருக்கிறது. 2020 ஜனவரி கடைசியில், சீனாவின் ஹூபெய் மாநிலத்துக் கிராமம் ஒன்றில், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பதின்ம வயதுப் பையன் வீட்டில் தனியாக இறந்துபோனான். கோவிட்டால் அல்ல. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் தகப்பன். அவரைத் தனிமைப்படுத்தக் கொண்டுபோய்விட்டார்கள். மகனைப் பார்க்கச் சொல்லி அவர் வெளியில் கெஞ்சி எழுதினார். உள்ளூர் அதிகாரிகள் பொறுப்பெடுத்தார்கள், ஆனால் அத்தனை நாளில் அவன் வாயில் உணவு போனது ஓரிரு முறைதான் என்று செய்திகள் வந்தன. பிறகு இரண்டு அதிகாரிகளைப் பதவி நீக்கினார்கள். நோயாளிப் பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளை, நோய்த்தடுப்பு நடவடிக்கையால் இறந்தான். எந்த ஊரிலும், ஒரு பெற்றோரைத் தனிமைப்படுத்தும் முன் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'உங்களை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள்?' நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி யாரையும் தனிமைப்படுத்தும் அதிகாரம் சுகாதார அதிகாரிக்கு உண்டு. அந்த அதிகாரம் தேவைதான். அதைப் பயன்படுத்தும்போது இந்தக் கேள்வியும் கூடவே வர வேண்டும்.

இனி வெண்டிலேட்டர்.

பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் என்று டாக்டர்கள் முடிவெடுத்தே தீர வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. 2021 ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததையும், நாடு முழுக்க ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று போனதையும் நாம் மறக்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கத்தக்க கேள்வி, 'இந்தச் சிகிச்சை கொடுத்தால் இவன் இந்த நோயிலிருந்து பிழைப்பானா?' என்பது. கேட்கக் கூடாத கேள்வி, 'பிழைத்து என்ன செய்யப்போகிறான்?' என்பது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் களைத்துப்போன மனம் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்கிவிடும். நடக்க மாட்டான், பேச மாட்டான், இன்னும் இருபது வருடம் ஒருவர் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் நுரையீரலைப் பற்றிய செய்தி அல்ல. அவன் வாழ்க்கை வாழத்தக்கதா என்று தீர்ப்பு சொல்லும் உரிமை, அவனை அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கும் ஒருவருக்குக் கிடையாது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உங்கள் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிச் சமாதானப்படுத்த மாட்டேன். 2020 மார்ச் 20-ஆம் தேதி இங்கிலாந்தில் நைஸ் என்னும் அமைப்பு, பெரியவர்களில் யாரைத் தீவிர சிகிச்சைக்கு எடுப்பது என்று அவசரமாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடல் தளர்ச்சியை அளக்கும் ஓர் அளவுகோலை அதில் சேர்த்திருந்தார்கள். முதியவர்களுக்காகச் செய்த அளவுகோல் அது. உடுத்தவும் குளிக்கவும் பிறர் உதவி வேண்டும் என்றாலே அதில் புள்ளி ஏறும், ஏறினால் தீவிர சிகிச்சை தள்ளிப்போகும். அப்படிப் பார்த்தால் ஆட்டிசம் உள்ள, உடம்பில் வேறெந்தக் குறையும் இல்லாத இருபது வயதுப் பையனும் உடல் மிகவும் தளர்ந்த முதியவரும் ஒரே வரிசையில் வருவார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகளும் குடும்பங்களும் உடனே எதிர்த்து நின்றார்கள். 25-ஆம் தேதியே திருத்தினார்கள்: இளையவர்களுக்கும், நெடுங்கால ஊனம் நிலையாக உள்ளவர்களுக்கும், கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களுக்கும் இந்த அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அதற்குப் பல ஆண்டு முன்பே எழுதி வைத்திருந்த அவசரகாலத் திட்டம் ஒன்று, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வெண்டிலேட்டருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்றே சொல்லியிருந்தது. புகார் போய், மத்திய அரசு அலுவலகம் தலையிட்டு, 2020 ஏப்ரலில் அதைக் கைவிட வைத்தார்கள். எழுதியவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர் என்றுதான் நினைக்கிறேன். அந்த மேசையைச் சுற்றி இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர் ஒருவரும் உட்காரவில்லை.

வெளிப்படையாக ஒதுக்குவது ஒன்று. கணக்கில் ஒளிந்துகொண்டு ஒதுக்குவது இன்னொன்று, இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை கிளாஸ்கோ அளவில் குறிப்பார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, மொத்தம் 15. உங்கள் மகனுக்கு நல்ல ஆரோக்கியமான நாளிலேயே பேச்சில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். 'கையைத் தூக்கு' என்றால் தூக்க முடியாததால் அசைவிலும் குறையும். அவனை முன்பின் பார்த்திராத டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தால், மூளை மங்கிக் கிடக்கிறான், நிலைமை மோசம் என்றே எடுத்துக்கொள்வார். பற்றாக்குறைக் காலத்தில் வரிசை போடப் பல ஊர்களில் பயன்படுத்திய மதிப்பெண் முறைகளுக்குள் இந்த அளவும் ஒரு பகுதி. ஆகவே மதிப்பெண்ணை அவனுடைய வழக்கமான நிலையோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். அந்த வழக்கமான நிலை என்ன என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பக்கத்தில் இருப்பதும் வெண்டிலேட்டரும் இங்கே ஒரே விஷயமாகிவிடுகிறது.

வீட்டிலேயே சுவாசக் கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் இங்கேயும் உண்டு. அவர்கள் வார்டுக்குள் கொண்டுவரும் சொந்தக் கருவியை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதே போல, இதயம் நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற குறிப்பை ஊனம் இருக்கிறது என்பதற்காகக் கோப்பில் எழுதக் கூடாது. ஒரு பிள்ளைக்கு அந்த முடிவு சரியாக இருக்கும் நேரமும் உண்டு. ஆனால் அது அந்தப் பிள்ளையின் அன்றைய நிலையை வைத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. யாராவது கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினால், 'இதே நோயோடு ஊனம் இல்லாத பிள்ளை வந்திருந்தால் இதை நீட்டியிருப்பீர்களா?' என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம், ஆனால் கேட்டுவிடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, 685-ஆவது சட்டம். மற்றவர்களுக்கு இணையாகச் சுகாதார சேவை பெறும் உரிமையை அது சொல்கிறது; ஆபத்துக் காலங்களில் உதவி பெறும் உரிமையையும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2010-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐநா உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ, உணவையோ, நீரையோ மறுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. 11-ஆவது பிரிவு பேரிடர் காலத்துக்கானது. ஆனால் நம் 2008 சட்டத்தில் மீறியவருக்குத் தண்டனை என்று எதுவும் கிடையாது. பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளி அமைப்புகள் மாற்றச் சொல்லிக் கேட்டுவரும் குறை அது. இப்போதைக்கு அந்தச் சட்டத்தை வைத்து வழக்கில் வெல்வதைவிட, வார்டில் நின்று பேசும்போது பிடித்துக்கொள்வதுதான் எளிது. மாற்றுத்திறனாளி என்று பதிந்து வாங்கும் ஓகேயூ கார்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே சமூகநல இலாகாவுக்குப் போங்கள். நம் குடும்பங்களில் 'ஊர் என்ன சொல்லும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். 2021-இல் தடுப்பூசித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே, முதியவர்களோடு சேர்த்து மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஆளை எந்தத் திட்டமும் தேடி வராது.

இப்போதே செய்து வைக்க வேண்டியதில் முதல் வேலை ஒரு தாள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மலாயில் எழுதுங்கள், அல்லது ஆங்கிலத்தில். இரவு வேலைக்கு வரும் இளம் டாக்டர் அரை நிமிடத்தில் புரிந்துகொள்ள வேண்டும். மேலே பெயர், எடை, ஒவ்வாமை, மருந்தும் அளவும் நேரமும். எடையை மாதா மாதம் மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு மருந்து எடைக்குத்தான். அடுத்து, நல்ல நாளில் அவன் எப்படி இருப்பான்: யாரைப் பார்த்துச் சிரிப்பான், பெயர் சொன்னால் திரும்புவானா, வழக்கமான ஆக்சிஜன் அளவு எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு. கிளினிக் போகும்போது டாக்டரிடமே கேட்டு, வழக்கமான கிளாஸ்கோ எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் கீழே, வலி என்றால் எப்படித் தெரியும், ஆமாம் என்றால் என்ன செய்வான், வேண்டாம் என்றால் என்ன செய்வான். எப்படி ஊட்டுவது. எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் படுக்க வைத்தால் சளி இறங்கும். வலிப்பு வந்தால் வழக்கமாக எவ்வளவு நேரம் இருக்கும், ஐந்து நிமிடம் தாண்டினால் என்ன மருந்து. அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களையும் மலாய் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். 'தண்ணி', 'வலி', 'அம்மா வருவாங்க' என்ற மூன்று சொல் தெரிந்த மிஸ்ஸியிடம் பிள்ளை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அவன் சிரிக்கிற ஒரு படத்தையும் தாளில் ஒட்டுங்கள். குழாய்களுக்கு நடுவில் கிடக்கும் பிள்ளை வீட்டில் யார் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஆக்சிஜன் அளவு என்றதால் ஒரு வார்த்தை. விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவி, கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. நம் பிள்ளைகளில் பலர் நல்ல கருப்பு. எண் 95 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு இடையே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறானா என்று பாருங்கள். பேசும் பிள்ளை 'மூச்சு முட்டுது' என்று சொல்லிவிடும். உங்கள் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

இரண்டாவது வேலை, உங்களுக்குப் பதிலாள். நீங்களும் கணவரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் யார்? 'என் தங்கச்சி பார்த்துக்குவா' என்பது போதாது. அந்தத் தங்கச்சி அவனுக்கு இதுவரை ஊட்டியிருக்கிறாரா? சளி உறிஞ்சியிருக்கிறாரா? மாதம் ஒரு ஞாயிறு வரச்சொல்லி நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைச் செய்ய வையுங்கள். பிறை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

வலிப்பு மருந்து ஒரு வேளையும் நிற்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதியும், வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கின்றன. இப்போதே பதிந்து வையுங்கள்.

மருத்துவமனைக்கு வெளியிலும் இந்தப் பிள்ளைகள் நிறையப் பட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் மட்டும், 10 கிலோமீட்டருக்குள் மட்டும் வெளியே போகலாம் என்று இருந்தபோது, பிள்ளையோடு தனியாக வாழும் தாய் சாமான் வாங்கப் போவது எப்படி? பிள்ளையைக் கூட்டிப் போனால் கடையில் விட மாட்டார்கள், விட்டுவிட்டுப் போனால் ஆபத்து. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மாலை நடை நின்றுபோனால் நடக்கிற கூத்தை, அடுக்குமாடி வீட்டில் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும், தூங்காது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பிரான்ஸ் 2020 ஏப்ரல் 2-ஆம் தேதியே, உலக ஆட்டிசம் தினத்தன்று, இவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் தூரக் கட்டுப்பாடும் தளர்த்தியது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நியாயமாகத்தான் ஒலிக்கும். ஆனால் அந்த ஒரே விதி ஒரு வீட்டில் சிரமமாகவும் இன்னொரு வீட்டில் சித்திரவதையாகவும் இறங்கும்போது, விதியை வளைப்பதுதான் நியாயம்.

மூக்கில் குச்சி விடும் பரிசோதனையிலும் இதே கதை. நான்கு பேர் பிடித்து அமுக்கி எடுத்த பிள்ளை அடுத்த முறை கிளினிக் வாசலைப் பார்த்தாலே அலறும், தடுப்பூசிக்கும் வராது. மடியில் உட்காரவைத்து, முதலில் பொம்மைக்குச் செய்து காட்டி, அதுவும் முடியாவிட்டால் எச்சில் வைத்துப் பார்க்கும் கருவி. 2021 ஜூலையில் அப்படிப்பட்ட கருவிகளுக்கு இங்கே அனுமதியும் கிடைத்தது. கட்டிப் பிடிப்பதும் கையைக் கட்டிவைப்பதும் வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் முடிந்தவரை குறைந்த நேரத்துக்கு, ஏன் என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு.

தெரபி நின்றதைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது, என் வேலையே அது. சமூக மறுவாழ்வு மையங்கள் மூடின, மருத்துவமனைத் தெரபி நாள்கள் ரத்தாயின, சிறப்புக் கல்வி வகுப்புகள் போன் திரைக்குள் போயின. வீட்டில் இருப்பது ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வளரும் பிள்ளையின் எலும்பு நீளும்போது விறைத்த தசை கூடவே நீளாது. நீட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் மூட்டு மடங்கி நின்றுவிடாமல் இருக்கும். பிகேபிக்கு முன் பிடித்து நிற்க முடிந்த பிள்ளைகள் முழங்கால் மடங்கியபடியே திரும்பி வந்தார்கள், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போனது. ஆலைகளை அத்தியாவசியம் என்று திறந்து வைக்க முடிந்த நாட்டில், இந்தப் பிள்ளைகளின் தெரபியும் அத்தியாவசியப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை இருக்க வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இப்போதே கேளுங்கள். உங்கள் பங்குக்கு, உங்கள் தெரபிஸ்டிடம் வீட்டில் செய்ய ஐந்தே ஐந்து பயிற்சியை வீடியோவாக எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வேண்டாம், இருபது கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அடைபட்ட வீட்டில், தூக்கமில்லாத மூன்றாம் வாரத்தில், அன்புள்ள தாயின் கையும் ஓங்கிவிடும். அந்த நிலைக்கு வரும் முன் யாரிடமாவது பேசிவிடுங்கள். தாலியான் காசே என்னும் உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வோருக்குச் சமூகநல இலாகா மாத உதவித்தொகை கொடுக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று போய்க் கேளுங்கள். அது தர்மம் அல்ல, உரிமை.

மகனுக்கும் சொல்லுங்கள். பேச்சு இல்லாத பிள்ளைக்குப் புரியாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். முகக்கவசம் போட்ட படங்களைக் காட்டுங்கள், நீங்களே போட்டுக் கழற்றி விளையாடுங்கள். ஊசி எந்தக் கையில் என்று கேட்டு, அவன் கண் போகும் கையிலேயே போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாசலில் மறுபடி நிறுத்தினால் என்ன செய்வது. காவலாளியிடமோ மிஸ்ஸியிடமோ சண்டை போடாதீர்கள், முடிவு அவர்கள் கையில் இல்லை. தாளைக் கொடுத்து, பிள்ளைகள் நிபுணரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். 'நான் பார்வையாளர் இல்லை, இவனைப் பராமரிப்பவர். பரிசோதனைக்கும் உள்ளேயே தங்குவதற்கும் தயார்' என்று சொல்லுங்கள். அப்போதும் இல்லை என்றால் காரணத்தையும், முடிவெடுத்தவர் பதவியையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனே மாறிய முடிவுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது மருத்துவமனையின் பொது உறவுப் பிரிவு, அதற்கும் மேலே சுகாதார அமைச்சின் புகார் முறை. சுஹாகாம் என்னும் மனித உரிமை ஆணையத்தில் 2019 முதல் சிறுவர்களுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார், அவருக்கும் எழுதலாம். அதுவரை உள்ளே விடாவிட்டாலும், நாளைக்கு இரண்டு முறை வீடியோ அழைப்பு வேண்டும் என்று கேளுங்கள், ஊட்டும் நேரத்தில். திரையில் பார்த்தபடியே தலையை எப்படிப் பிடிப்பது, எப்போது நிறுத்துவது என்று நீங்கள் மிஸ்ஸிக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.